கஸ்டம்ஸ் டியூட்டி (இறக்குமதி வரி) கட்ட ஏஜெண்டிடம் கொடுத்த 3,80,000 ரூபாய் போய்விட்டது: முதல்முறை இறக்குமதி செய்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

ஆத்திரத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆள் இந்நேரம் இன்னொருவரிடம் இதே பேச்சைப் பேசிக்கொண்டிருப்பார். அதனால்தான் ஆறப்போடாமல் உடனே எழுதுகிறேன்.

திருப்பூரில் சின்னதாக ஒரு எம்பிராய்டரி யூனிட் நடத்துகிறேன். சீனாவிலிருந்து தூத்துக்குடி வழியாக ஒரு மெஷின் வரவழைத்தேன். எங்களுக்கு இதுதான் முதல் இறக்குமதி. சரக்கு வைத்திருப்பவர்களையும், கஸ்டம்ஸில் அதை விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜெண்டுகளையும் சேர்த்துவைக்கும் ஒரு ஆப்பில் இவர் கிடைத்தார். 'சரிபார்க்கப்பட்டவர்' என்று பச்சை டிக் வேறு. புகார் போய்க்கொண்டிருப்பதால் ஆப்பின் பெயரையோ ஆளின் பெயரையோ போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

நம்ப வைத்த விதத்தைச் சொல்ல வேண்டும். பில் ஆஃப் என்ட்ரி (சரக்கை விடுவிக்க கஸ்டம்ஸில் தாக்கல் செய்யும் படிவம்) போடுவதற்கு முன்னால் அதன் வரைவான செக்லிஸ்ட்டை அனுப்பி, வரி வரியாக போனில் விளக்கினார். பேக்கிங் லிஸ்ட்டில் ஒரு எடை, கப்பல் கம்பெனி தரும் பில் ஆஃப் லேடிங்கில் வேறு எடை இருந்ததைக் கண்டுபிடித்தது அவர்தான். "இதை அப்படியே விட்டிருந்தா குவெரி போட்டு நிறுத்தியிருப்பாங்கக்கா" என்றார். சப்ளையரிடம் சொல்லித் திருத்தி வாங்கினோம். இவ்வளவு கருத்தாக வேலை செய்கிறவர் மீது யாருக்குத்தான் சந்தேகம் வரும்? ஏஜெண்ட் வேலைக்கு கஸ்டம்ஸ் தரும் அடையாள அட்டையைக் கேட்டபோது படம் எடுத்து அனுப்பினார். கார்டைப் பிடித்திருந்த கட்டைவிரல், எதுவரை செல்லும் என்ற தேதியின் மேல் இருந்தது.

அப்புறம் வந்தது அந்த போன். "டியூட்டி 3,80,000 வருதுக்கா. உங்களுக்கு ஐஸ்கேட்ல லாகின் இல்லை. இப்ப ரிஜிஸ்டர் பண்ணிட்டிருந்தா வட்டி ஓடும். நம்ம அக்கவுண்ட்ல போட்டுடுங்க, நான் கட்டிட்டு சலான் அனுப்பறேன்." போட்டேன். ஐஸ்கேட் என்றால் கஸ்டம்ஸின் இணையதளம், டியூட்டியை அதில்தான் கட்ட வேண்டும். சொன்னபடி சலானும் (கட்டியதற்கான ரசீது) வந்தது. பில் ஆஃப் என்ட்ரி எண் சரி, எங்கள் ஐஇசி எண் (இறக்குமதியாளர் பதிவெண்) சரி, தொகை சரி. இப்போது பெரிதாக்கிப் பார்த்தால் தொகையின் இலக்கங்கள் மட்டும் கொஞ்சம் தடிமனாக, வரியை விட்டு ஒரு நூல் கீழே இறங்கி நிற்கின்றன.

அதன்பிறகு கதை கதையாக வந்தது. சர்வர் டவுன் என்றார். எக்ஸாமினேஷன் ஆபீசர் லீவு என்றார். ஷிப்பிங் லைன் டிஓ (சரக்கை ஒப்படைக்கும் உத்தரவு) தரவில்லை என்றார். பிறகு வேறொரு பெண் எடுத்து "சார் மீட்டிங்ல இருக்காங்க" என்றார். பிறகு போனே எடுக்கவில்லை. கண்டெய்னர் துறைமுகத்துச் சரக்குக் கிடங்கில் (சிஎஃப்எஸ்) கிடந்தது. ஒரு பக்கம் தரை வாடகை, மறுபக்கம் கண்டெய்னரைத் திருப்பித் தராததற்கு ஷிப்பிங் லைன் போடும் டிடென்ஷன் கட்டணம் ஏறிக்கொண்டே போனது.

நேரே தூத்துக்குடி போய் கஸ்டம்ஸ் ஹவுஸில் கேட்டேன். பில் ஆஃப் என்ட்ரி எண்ணைத் தட்டிப் பார்த்த அதிகாரி, "டியூட்டி கட்டவே இல்லையேம்மா, வட்டி ஓடிட்டிருக்கு" என்றார். என் கையில் இருந்த சலானின் எண்ணே சிஸ்டத்தில் இல்லை. 3,80,000 ரூபாய். தீபாவளி போனஸுக்காக எடுத்து வைத்திருந்த பணமும் அதில் சேர்த்தி. அரசாங்கத்துக்குப் போகவில்லை என்றால் இறக்குமதியாளர் மறுபடியும் கட்டித்தான் ஆக வேண்டும். நகையை வைத்து இன்னொரு 3,80,000 கட்டினேன், வட்டியோடு.

பில் ஆஃப் என்ட்ரியில் இருந்த லைசென்ஸ் வேறொரு நிறுவனத்துடையது. இந்த ஆளுக்கு லைசென்ஸே கிடையாது, அவர்களுடைய லைசென்ஸில் வேலை பார்த்திருக்கிறார். அங்கே போய்க் கேட்டால், "அவர் எங்க ஸ்டாஃப் இல்லைம்மா, அவர் கொண்டுவர்ற ஃபைலை நாங்க போட்டுத் தர்றோம், பண விஷயம் எங்களுக்குத் தெரியாது" என்கிறார்கள். அவர்களுடைய டிஜிட்டல் கையெழுத்தில் தாக்கலான பில் ஆஃப் என்ட்ரி! ஆப்காரர்களோ, "நாங்கள் இணைப்பாளர் மட்டுமே, பணப்பரிமாற்றம் ஆப்புக்கு வெளியே நடந்துள்ளது" என்று ஒரு மெயிலோடு முடித்துக்கொண்டார்கள். பச்சை டிக் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

வக்கீல் சொல்லித்தான் 2018-ம் ஆண்டின் கஸ்டம்ஸ் புரோக்கர் லைசென்சிங் விதிகளைப் படித்தேன். நாம் கிளியரிங் ஏஜெண்ட் என்பவரைத்தான் சட்டம் கஸ்டம்ஸ் புரோக்கர் என்கிறது. சட்டத்தில் எல்லாமே இருக்கிறது. எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு இரண்டும் தேறியவருக்குத்தான் லைசென்ஸ். அதை விற்கவோ கைமாற்றவோ கூடாது. வேலையை லைசென்ஸ்காரரே செய்ய வேண்டும், இல்லையென்றால் அனுமதி பெற்ற ஊழியர் மூலம் செய்ய வேண்டும். டியூட்டிக்கென்று வாங்கிய பணத்தை உடனே அரசுக்குச் செலுத்தி, கட்சிக்காரருக்குக் கணக்குக் காட்ட வேண்டும். இறக்குமதியாளரும் அரசும் இவர்கள் மேல் பெரிய நம்பிக்கை வைக்கிறார்கள் என்ற கருத்தை 2016-ல் உச்ச நீதிமன்றமே ஏற்றிருக்கிறது. அந்த நம்பிக்கையைத்தான் இவர்கள் வாடகைக்கு விடுகிறார்கள்.

தண்டனை? இந்த விதிகளின்படி புரோக்கருக்கு அபராதம் அதிகபட்சம் 50,000 ரூபாய். லைசென்ஸை ரத்து செய்யலாம், அவர்கள் கட்டிய 5 லட்சம் டெபாசிட்டைப் பறிமுதல் செய்யலாம். ஆனால் அந்தப் பணம் போவது அரசுக்கு, எனக்கு இல்லை. ஆனாலும் கமிஷனருக்கு எழுத்துமூலம் புகார் கொடுத்துவிட்டேன், போலீசிலும் கொடுத்துவிட்டேன். விடுவதாக இல்லை.

இனி ஏஜெண்ட் பிடிப்பது எப்படி என்று விலாவாரியாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது அந்த மனநிலை இல்லை. இவ்வளவையாவது கேளுங்கள். டியூட்டிப் பணத்தை யார் அக்கவுண்டிலும் போடாதீர்கள். ஐஸ்கேட்டில் உங்கள் பெயரில் பதிவு செய்து நீங்களே கட்டுங்கள், சரக்கு கப்பலில் இருக்கும்போதே பதிவை முடித்துவிடுங்கள். பில் ஆஃப் என்ட்ரியில் எந்த புரோக்கர் பெயர் இருக்கிறது என்று பாருங்கள், உங்களோடு பேசுகிறவர் அவருடைய ஆள்தானா என்று அந்த அலுவலகத்துக்கே போன் போட்டுக் கேளுங்கள். உங்கள் சார்பில் வேலை செய்ய அனுமதிக்கும் அத்தாரிட்டி லெட்டரை லைசென்ஸ்காரர் பெயருக்கு மட்டும் கொடுங்கள். சலான் படத்தை நம்பாதீர்கள், ஐஸ்கேட்டில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். இப்போது உங்கள் சரக்கு துறைமுகத்தில் கிடந்து, ஏஜெண்ட் "சர்வர் டவுன்" என்று சொல்லிக்கொண்டிருந்தால், இதைப் படித்த கையோடு போய்ப் பார்த்துவிடுங்கள்.