பினாங்குத் தீவில் ஒரு 32 படுக்கை முதியோர் இல்லம்: பகலில் தேறுகிறது, இரவில் தேறவில்லை

முன்வாசல் பலகையில் ‘14 பணியாளர்கள், 24 மணி நேரப் பராமரிப்பு’ என்று எழுதியிருக்கிறார்கள். பலகை பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த 14 பேரில் சமையலுக்கு இருவர், துப்புரவுக்கு ஒருவர், ஆபீசில் ஒருவர், மிஸ்ஸி (தாதி) ஒருவர். மிச்சம் ஒன்பது பேர்தான் பெரியவர்களைத் தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டிவிடுகிறவர்கள்.

ஷிப்ட் 12 மணி நேரம். காலை 7 முதல் மாலை 7 வரை ஐவர், இரவில் இருவர். வாரத்துக்கு 49 ஷிப்ட் ஆகிறது. ஆளுக்கு வாரம் ஒருநாள் லீவு போக, ஒன்பது பேரால் 54 ஷிப்ட் பார்க்க முடியும். ஒருவர் காய்ச்சலில் படுத்தால் அது 48 ஆகிவிடும். அந்த ஒரு ஷிப்ட்டை லீவில் இருப்பவரைக் கூப்பிட்டு நிரப்ப வேண்டும். அவரும் வராவிட்டால் இரவில் ஒரே ஆள்.

தலையை எண்ணுவதைவிட நிமிடத்தை எண்ணுவதே சரியான கணக்கு. ஒரு நாளில் ஏழு பேரின் 84 மணியில் ஆளுக்கு ஒரு மணி ஓய்வைக் கழித்தால் 77. அதை 32 பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 144 நிமிடம். மிஸ்ஸியின் எட்டு மணி நேரத்தில் தலைக்கு 15. மொத்தம் 159. ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபரிலிருந்து சராசரி 215 நிமிடம் வேண்டும், அதில் 44 நிமிடம் பதிவுபெற்ற தாதியுடையது. அமெரிக்கா 2024இல் 3.48 மணி நேரம் என்று விதி போட்டது. மறு ஆண்டே நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்த ஊர்க் கணக்கு நம்மைக் கட்டாது, அளவுகோலாக வைத்துப் பார்க்கலாம்.

பகல் பரவாயில்லை. கையால் ஊட்ட வேண்டியவர்கள் ஒன்பது பேர், ஆளுக்கு 25 நிமிடம். நால்வர் உட்கார்ந்தால் ஒன்றேகால் மணி நேரத்தில் மதியச் சாப்பாடு முடிகிறது, அவசர அவசரமாக வாயில் திணிப்பதில்லை. ரசம் சூடாகவே வருகிறது. தமிழ் பேசும் பராமரிப்பாளர் ஒருவர் இருக்கிறார், ஆனால் பகலில் மட்டும். மறதி நோய் உள்ள பாட்டி ராத்திரியில் தண்ணீர் கேட்டால் புரிந்துகொள்ள ஆளில்லை.

சங்கடமே இரவில்தான். படுத்த படுக்கையாக 11 பேர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்து, பெம்பர்ஸ் மாற்ற, இருவர் சேர்ந்தாலும் எட்டு நிமிடம். ஒரு சுற்றுக்கு 88 நிமிடம்; 120 நிமிடத்தில் மிச்சம் 32. கீழ்த்தட்டில் இருவரும் இந்த வேலையில் இருக்கும்போது மேல்மாடியில் மணி அடித்தால் யார் போவது? ஒருவர் ஓய்வெடுக்கும் நேரத்தில் மற்றவர் தனியாகப் புரட்டுவார். தூக்க முடியாமல் இழுப்பார். விரிப்போடு உராய்ந்து வால் எலும்புப் பக்கம் தோல் கிழியும். படுக்கைப் புண் அங்கே தொடங்கும். உடலுக்கடியில் போட்டு உராயாமல் நகர்த்த உதவும் வழுக்கு விரிப்பு ஒன்று இருந்தால் தனி ஆளும் ஓரளவு சமாளிக்கலாம். இங்கே அது அலமாரியில் பிரிக்காத கவரோடு கிடக்கிறது.

கட்டில் காலில் தொங்கும் புரட்டும் அட்டவணையைப் பாருங்கள். மாலை 5.30க்குப் பார்த்தபோது 8 மணிக் கட்டத்திலும் ‘இடப்பக்கம்’ என்று எழுதியாகிவிட்டது. ஆறு நாள், ஒரே நீலப் பேனா, ஒரே கையெழுத்து.

மிஸ்ஸியின் ஆண்டுப் பணிச் சான்றிதழ் நடப்பு ஆண்டுக்குரியது, கேட்டவுடன் எடுத்துக் காட்டினார்கள். ஆனால் ஞாயிறு அவருக்கு லீவு. மூக்குக்குழாய் (மூக்கு வழியாக உணவு செலுத்தும் குழாய்) உள்ளவர்கள் நால்வர்; அன்றைக்குக் குழாய் கழன்றால் ஜிஎச்சுக்கு, அதாவது அரசாங்கப் பொது மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும். சுவரில் மாட்டியிருப்பது 1993ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டத்தின் கீழ் சமூகநலத் துறை கொடுத்த பதிவு. நர்சிங் ஹோம் உரிமம் வேறு: அது 1998ஆம் ஆண்டின் 586ஆவது சட்டப்படி சுகாதார அமைச்சு கொடுப்பது. மூக்குக்குழாயோ ஆழமான புண்ணோ உள்ளவருக்கு அந்த உரிமம் உள்ள இடமே தேவை.

நாலு பேர் அறைக்கு மாதம் 2,800 வெள்ளி (ரிங்கிட்), பெம்பர்ஸ் தனி. எழுந்து நடமாடுபவருக்கு இந்த விலைக்கு இது நல்ல இடம், சாப்பாட்டுக்காகவே சேர்க்கலாம். படுத்த படுக்கையானவருக்கு வேண்டாம், இரவில் மூன்றாவது ஆள் வரும்வரையாவது. பராமரிப்பாளர்களில் ஐவர் இந்தோனேசியர்கள், பெருநாளுக்கு லீவு கேட்கக்கூடியவர்கள். நோன்புப் பெருநாள் வாரத்தின் டூட்டி அட்டவணையைக் கேட்டதற்கு, ‘இன்னும் போடவில்லை’ என்றார்கள். பெருநாளுக்கு அப்போது ஒன்பது நாள் இருந்தது.