காணொளி கைகொடுக்கவில்லை: அடுத்து எது?

வெள்ளவத்தையில் சேலைக் கடை வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு முன் ஒரு சமூக ஊடகப் பிரபலத்துக்குப் பணம் கொடுத்துக் காணொளி போட்டோம். விருப்பக் குறிகள் குவிந்தன. தள்ளுபடிக் குறியீட்டைச் சொல்லி வந்தவர்கள் மூன்றே பேர். மிச்சப் பணத்தைச் சிறு பிரபலங்கள் ஐவரிடம் கொடுப்பதா, வாடிக்கையாளர் பலருக்கு ஒரே தடவையில் செய்தி அனுப்பும் சொந்த வாட்ஸ்அப் பட்டியலா?

செலவு: அவர்களுக்கு ஐந்து சேலையும் கூலியும். பட்டியலுக்கு டேட்டா மட்டுமே.

ஆயுள்: இன்ஸ்டாகிராம் ஸ்டோரி 24 மணிநேரத்தில் மறையும். பட்டியல் நம்மிடமே இருக்கும்.

சிரமம்: முன்னது எளிது. பின்னதில் ஒரு பட்டியலுக்கு 256 பேர்தான். அதிலும் நம் இலக்கத்தைச் சேமித்தவர்களுக்கே செய்தி போகும். பில் போடும்போதே “அக்கா, எங்கள் இலக்கத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள்” என்று கேட்க வேண்டும். எனக்கு இன்னும் கூச்சம்தான்.

புதுக் கடைக்கு முன்னது. பழகிய முகங்கள் வரும் கடைக்குப் பின்னது. நேற்று அனுப்பிய படத்துக்குத் தெஹிவளை அம்மா ஒருவர், “நீலம் இருக்கிறதா?” என்று கேட்டிருக்கிறார்.