கனத்த நட்சத்திரங்களைப் படிக்க: பெரு மெகல்லன் மேகமா, ஆண்ட்ரோமெடாவா?

இரண்டுமே நம் பால்வீதிக்கு வெளியே உள்ள நட்சத்திர மண்டலங்கள் (கேலக்ஸிகள்). கடலூர் வெள்ளிக் கடற்கரையில் நின்றால் ஆண்ட்ரோமெடாவைப் பார்ப்பதுதான் வசதி. நவம்பர் நடுவில் இரவு 9 மணிக்கு வடக்கே 60 பாகை உயரத்தில் நிற்கும், பைனாகுலரே போதும். பெரு மெகல்லன் மேகம் ஜனவரி கடைசியில், தெற்கே அதிகபட்சம் 8 பாகைதான் ஏறும். அந்தத் தாழ்வில் ஒளி ஆறேழு மடங்கு காற்றைத் துளைத்து வர வேண்டும். சிப்காட் பக்க வெளிச்சம் வேறு.

ஆய்வுக்கு வந்தால் நிலைமை தலைகீழ். மேகம் 1.6 லட்சம் ஒளியாண்டு, ஆண்ட்ரோமெடா 25 லட்சம். ஒரே நட்சத்திரம் அங்கே சுமார் 240 மடங்கு மங்கல். அதைவிடப் பெரிய சிக்கல், நெருங்கிய நட்சத்திரங்கள் ஒரே புள்ளியாகத் தெரிவது. மேகத்திலேயே இது நடந்தது: ஆர்136 ஆயிரம் சூரிய நிறைக்கு மேற்பட்ட ஒற்றை நட்சத்திரம் என்று கருதப்பட்டது, 1985-இல்தான் அது ஒரு கொத்து என்று பிரித்துப் பார்த்தார்கள். ஆண்ட்ரோமெடாவோ நமக்குப் பக்கவாட்டில் சாய்ந்த வட்டு, தூசியும் மறைக்கிறது.

ஆனால் உலோகச் செறிவில், அதாவது ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்களின் அளவில், ஆண்ட்ரோமெடாவை விட முடியாது. மேகத்தில் அது சூரியனில் பாதி. ஆண்ட்ரோமெடாவில் சூரியனளவு அல்லது கூடுதல். நட்சத்திரக் காற்றை (நட்சத்திரத்தின் பரப்பிலிருந்து வெளியே பாயும் வாயுவை) தள்ளுவது பெரும்பாலும் இரும்பு அணுக்கள் உறிஞ்சும் ஒளிதான். இரும்பு குறைந்தால் காற்று தளரும், நட்சத்திரம் இழக்கும் நிறையும் குறையும், முடிவும் மாறும். ஆனால் உலோகம் மட்டுமே காரணமல்ல: 1987-இல் மேகத்தில் வெடித்தது எதிர்பார்த்த சிவப்பு அல்ல, நீலப் பெருநட்சத்திரம். இரண்டு நட்சத்திரங்கள் கலந்தது அதற்குக் காரணம் என்பதே இன்று வலுவான கருத்து.

தனி நட்சத்திரத்தின் நிறையை அளக்க மேகம். உலோகம் கூடினால் என்ன ஆகும் என்று பார்க்க ஆண்ட்ரோமெடா.