கூண்டு சரி, முட்டைப் பெட்டிதான் சரியில்லை

நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஆறு பெட்டையும் ஒரு சேவலும் நிற்கின்றன. நாலு சிறுவிடை நாட்டுக்கோழி, திருமங்கலம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பிடித்தவை. மற்ற இரண்டும் கிராமப்பிரியா ரகம். ராத்திரிக்குப் பஞ்சாரத்தை, அதாவது மூங்கில் கூடையை, போட்டுத்தான் கவிழ்த்து வந்தோம். மாசி மாதம் ஒரு நாள் கீரி வந்து பஞ்சாரத்துக்கு அடியில் மண்ணைப் பறித்து ஒரு விடலைக் கோழியைத் தூக்கிப் போய்விட்டது. அடுத்த வாரமே தேனி ரோட்டில் ஒரு வெல்டிங் பட்டறையில் இந்த இரும்புக் கூண்டை வாங்கினோம். ரூ.7,800, வண்டி வாடகை தனி.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அரை அங்குல வலை, வெல்டிங்கில் எங்கும் பிசிறில்லை. கொண்டியை மேலே தூக்கித் திருப்பினால்தான் கதவு திறக்கும். அதே கீரி இரண்டு ராத்திரி வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது. எச்சத் தட்டு டிராயர் மாதிரி உருவ வரும், கழுவுவது சுலபம். ஏழு மாதமாகியும் துரு ஏறவில்லை.

"10 கோழிக்குத் தாராளம்" என்று சொல்லித்தான் விற்றார்கள். நீளம் நாலு அடி, அகலம் இரண்டு அடி; மொத்தம் எட்டுச் சதுர அடி. நாளெல்லாம் அடைத்து வளர்க்கிற கோழிக்கு ஆளுக்கு இரண்டு சதுர அடியாவது வேண்டும் என்பது கணக்கு. எங்களுடையவை பகலெல்லாம் வெளியே மேய்வதால் ஏழும் படுக்க இடம் பத்துகிறது. மழையில் இரண்டு நாள் திறக்காமல் விட்டதில் ஒன்றையொன்று கொத்தி, ஒரு கிராமப்பிரியாவுக்கு வாலே இல்லாமல் போய்விட்டது.

இப்போது முட்டைப் பெட்டிக்கு வருகிறேன். கூண்டின் பின்பக்கம், மூன்றடி உயரத்தில் வைத்திருந்தார்கள். "குனியாம நின்ன வாக்குல எடுக்கலாம்மா" என்றார் பட்டறைக்காரர். எனக்கும் இடுப்பு வலி, அதனால் அது பெரிய வசதியாகத் தெரிந்தது. ஆனால் கோழி ராத்திரி படுக்க எப்போதும் இருப்பதிலேயே உயரமான இடத்தைத்தான் தேடும். உட்காருகிற கம்பி ஒன்றரை அடியில், பெட்டி மூன்றடியில். முதல் ராத்திரியே நாலு கோழி பெட்டிக்குள் நெருக்கிப் படுத்துவிட்டன. காலையில் பார்த்தால் வைக்கோல் முழுக்க எச்சம்.

அதையாவது தினமும் மாற்றிச் சமாளித்தேன். பெட்டியின் தரைதான் பெரிய வினை. நாமக்கல் பண்ணைக் கூண்டைப் பார்த்துச் செய்திருக்கிறார்கள்: சரிவான கம்பி வலை, முட்டை உருண்டு முன்னால் இருக்கும் தட்டில் வந்து நிற்க வேண்டும். அங்கே சரிவு லேசாக இருக்கும். இங்கே வைக்கோல் கூட நிற்காமல் சரிகிற அளவுக்குச் செங்குத்து, முனையில் வெறும் இரும்புப் பட்டை.

என் தையல் மிஷின் ஜன்னலோரம். அங்கிருந்து பெட்டியின் உள்ளே தெரியும். ஒரு நாள் செவலை அரைக்குந்தலாக நின்று சிறகை லேசாக விரித்து முக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முட்டை ஈரமாக விழுந்து, உருண்டு, பட்டையில் 'ணங்'. செவலை கழுத்தைத் திருப்பி ஒற்றைக் கண்ணால் பார்த்தது. விரிசலில் ஒரு கொத்து. பிறகு இன்னொரு கொத்து. மஞ்சள் கருவின் ருசி தெரிந்துவிட்டது. அந்த வாரத்திலேயே மூன்று கோழிகள் முட்டை குடிக்கப் பழகிவிட்டன.

அத்தை ஒரு வைத்தியம் வைத்திருந்தார். "ஏத்தா, வெறும் ஓட்டுல மொளகாத்தூளக் கொழச்சு வையி, ஒரு தடவ சுட்டுச்சுன்னா வாழ்க்கையில தொடாது" என்றார். வைத்தோம். செவலை முழுதாகத் தின்றுவிட்டு மூக்கை மண்ணில் இரண்டு பக்கமும் தேய்த்துக்கொண்டு போனது. பறவைகளுக்கு மிளகாய்க் காரம் உறைக்காது. கிளி மிளகாய்ப்பழத்தைக் கொத்தித் தின்பதை எத்தனை தடவை பார்த்திருக்கிறோம், எங்கள் இரண்டு பேருக்குமே அது தோன்றவில்லை.

முட்டை ஓடும் மெல்லிசாகத்தான் இருந்தது. நடுவில் ஓடே இல்லாத தோல்முட்டைகூட வந்தது. கால்நடை மருத்துவரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "தீவன மூட்டைல என்ன எழுதியிருக்கு?" வீட்டுக்கு வந்து பார்த்தால் வளரும் கோழித் தீவனம். அதில் சுண்ணாம்புச் சத்து ஏறக்குறைய 1 சதவீதம்தான். இடுகிற கோழிக்கு மூன்றரை முதல் நாலு சதவீதம் வேண்டும். ஒரு முட்டை ஓட்டுக்கு மட்டும் சுமார் 2 கிராம் கால்சியம் போகிறது. ஓடு உருவாக 20 மணி நேரம் பிடிக்கும், அதில் பெரும்பகுதி ராத்திரியில். அதனால் கிளிஞ்சலை நொறுக்கிச் சாயங்காலம் தனித் தட்டில் வைக்கச் சொன்னார். பத்தே நாளில் ஓடு கெட்டியானது. இந்தக் குற்றத்தைக் கூண்டின் தலையில் போட மாட்டேன், அது என் தவறு.

சித்திரை வெயில் மட்டும் கூண்டின் தவறுதான். தகரக் கூரைக்குக் கீழே ஒன்றுமே கொடுக்கவில்லை. 40 டிகிரியில் கோழிகள் வாயைப் பிளந்து இளைத்தன. அப்படி இளைத்தாலே ஓடு மெல்லிசாகும். தென்னங்கீற்று இரண்டு அடுக்குப் போட்ட பிறகுதான் உள்ளே கை வைக்க முடிந்தது. அதற்குள் கீரி நிறத்துக் கோழி, எங்கள் கீரிப்பெட்டை, முட்டையிட இடம் மாறியிருந்தாள். 'கோழி கேறுது, முட்டையைக் காணோம்' என்று இரண்டு வாரம் வேலியோரமெல்லாம் தேடினோம். கடைசியில் என் மிஷினுக்கு அடியில், பிளவுஸ் வெட்டுத்துணி போட்டு வைக்கிற மூட்டையில் பதினோரு முட்டை. இருட்டு, மெத்தை, ஒருபக்கம் சுவர். அவள் கேட்டது அவ்வளவுதான்.

பட்டறைக்குப் போய், "அண்ணே, பெட்டியக் கீழ எறக்கிக் குடுங்க" என்றேன். "பழகிரும்மா, கோழிதான" என்றார். மூன்றாவது தடவை போனபோது ஆள் அனுப்பினார். பெட்டியை ஓரடிக்கு இறக்கி, வலைக்குப் பதில் பலகை அடித்து, வாசலில் சாக்குத் திரை தொங்கவிட்டோம். அதற்கு ரூ.350 வாங்கிக்கொண்டார். அவர் செய்த தப்புக்கு என் காசு. உள்ளே வைக்கோலும் மகனின் டேபிள் டென்னிஸ் பந்து இரண்டும். பந்தைக் கொத்திக் கொத்திப் பார்த்துச் செவலைக்கு வெறுத்துப்போய்விட்டது. முட்டை குடிப்பது மூன்று வாரத்தில் நின்றது.

அதே பந்துகளின் மேல்தான் கருப்பி அவயத்துக்கு, அதாவது அடைகாக்க, உட்கார்ந்தாள். இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கையை நீட்டினால் குர்ரென்று ஒரு கொத்து. அவயத்தைக் கலைக்க மூக்கில் இறகைச் செருகச் சொன்னார் அத்தை. "வேணாம் அத்தை, பாவம்" என்று கூண்டுக்குள்ளேயே அடைத்தேன். பெட்டியை மூடி, எச்சத் தட்டை உருவி, தீனியும் தண்ணீரும் வைத்தேன். வலைத் தரையில் அடியிலிருந்து காற்றுப் பட்டு வயிற்றுச் சூடு தணிந்தது. நாலாம் நாள் இறங்கிப் போய் மண் குளியல் போட்டாள். இதற்கு இந்தக் கூண்டு அருமை.

ஐந்துக்கு மூன்று கொடுக்கலாம். வாங்குகிறவர்கள் முன்பணம் கொடுக்கும்போதே மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள்: முட்டைப் பெட்டி உட்காரும் கம்பியைவிடக் கீழே இருக்க வேண்டும், ஓரடி நீளம், அகலம், உயரம் போதும், தரை பலகையாக இருக்க வேண்டும். கூரைத் தகரத்துக்குக் கீற்று நீங்களே போட்டுக்கொள்ளலாம். கீரிப்பெட்டை மட்டும் இன்னமும் வெட்டுத்துணி மூட்டையில்தான் இடுகிறாள். மூட்டையை நான் நகர்த்தவில்லை.