ஒற்றைப் பயணக் காப்புறுதியா, வருடக் காப்புறுதியா?

மட்டக்களப்பு கல்லடியிலிருந்து பாரிஸில் இருக்கும் மகளைப் பார்க்க ஒரே தடவை போய்வரும் அம்மாவுக்கு ஒற்றைப் பயணக் காப்புறுதியே போதும். பிரான்ஸ் உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பு கேட்பார்கள், அது தங்கும் நாட்கள் முழுவதற்கும் செல்லுபடியாக வேண்டும். வருடக் காப்புறுதி, வியாபாரத்துக்காக அடிக்கடி சென்னை, துபாய் என்று பறப்பவருக்குத்தான் இலாபம். ஆனால் 'வருடம்' என்ற சொல்லை நம்பிவிடாதீர்கள், ஒரு பயணத்துக்கு இத்தனை நாள்தான் என்று பெரும்பாலும் உச்சவரம்பு இருக்கும், பேரப்பிள்ளையோடு மூன்று மாதம் இருக்க நினைத்தால் பாதியிலேயே காப்பு முடிந்துவிடலாம்.

சரி, இரண்டிலும் பொதுவான வில்லங்கம்: ஏற்கெனவே இருக்கும் சீனி, பிரஷர் போன்ற வருத்தங்கள் பெரும்பாலும் காப்பில் சேராது. அப்புறம் 'எக்ஸஸ்', அதாவது பில்லில் முதலில் நாமே கட்டவேண்டிய தொகை. பிரீமியம் மலிவாக இருந்தால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.