டிராஃபிக் சூட்டுக்கு ஆயில் கூலர் கிட்: வாங்கலாமா?

காற்றாலேயே எஞ்சின் குளிரும் ஏர் கூல்டு பைக்குகளுக்குத் தனியாக வாங்கிப் பொருத்தும், எஞ்சின் ஆயிலைக் குளிரவைக்கும் ஆயில் கூலர் கிட்டை "டிராஃபிக் சூட்டுக்கு மருந்து" என்று விற்கிறார்கள். பாதிதான் உண்மை. வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போது சிலிண்டர் ஃபின்களுக்கே (சூட்டை வெளியேற்றும் தகடுகள்) கிடைக்காத காற்று கூலருக்கு மட்டும் எங்கிருந்து வரும்? நெரிசலில் அதனால் கிடைப்பது, கூடுதலாகக் கொள்ளும் கொஞ்சம் ஆயில்தான். சூடு சற்று மெதுவாக ஏறும். நெரிசல் விட்டு வேகம் பிடித்ததும் ஏறிய சூட்டைச் சீக்கிரம் இறக்கிவிடும். அதில் குறை சொல்ல முடியாது.

பெட்டியில் ஆயில் குளிரும் அலுமினிய கோர், பின்னல் ஹோஸ் இரண்டு, நடுவே ஆயில் போகும் துளையுள்ள பாஞ்சோ போல்ட், செம்பு வாஷர், எஞ்சினோடு ஹோஸை இணைக்கும் அடாப்டர். அடாப்டர் உங்கள் எஞ்சினுக்கென்றே செய்ததாக இல்லாவிட்டால் தொடவே வேண்டாம். பொருந்தாத அடாப்டரால் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்குப் போகும் ஆயில் குறைந்தால், வால்வைத் திறக்கும் கேம் தேய்ந்துவிடும். ஒவ்வொரு பாஞ்சோவிலும் ஹோஸ் முனையின் வளையத்துக்கு இருபுறமும் புது வாஷர்; பழையதைப் போட்டால் கசியும். இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் அதிகமாக இறுக்கினால் அலுமினிய மரை போய்விடும். ஹேண்டிலை இரு கோடிக்கும் திருப்பி, ஹோஸ் இழுபடுகிறதா, சூடான பெண்ட் பைப்பில் (எஞ்சினிலிருந்து வரும் புகைக்குழாய்) படுகிறதா என்று பாருங்கள். ஹெட்டுக்கு நேர் முன்னால் கோரை மாட்டுவது ஜன்னலை அடைத்துவிட்டு விசிறி வாங்குகிற கதை. கடைசியாக, எஞ்சினை 3 நிமிடம் ஓடவிட்டு அணைத்து, ஆயில் இறங்கியதும் வண்டியை நிமிர்த்தி அளவு பாருங்கள். கூலருக்குள் போன அளவு குறைந்திருக்கும், அதை ஊற்றிச் சரிசெய்யுங்கள்.

பல வண்டிகளுக்கு இந்தச் செலவே தேவைப்படாது. அரை கிளட்சில் ஊர்ந்தால் தட்டுகள் உரசும் சூடு நேராக எஞ்சின் ஆயிலில்தான் இறங்குகிறது. ஃபின்களுக்கிடையே காய்ந்த சேறு, அடைத்த ஜெட்டால் பெட்ரோல் குறைந்து ஓடும் கார்புரேட்டர், இடைவெளி குறைந்து இறுகிப்போன எக்ஸாஸ்ட் வால்வு டேப்பட், இழுத்துக்கொண்டிருக்கும் பிரேக் ஆகியவற்றை முதலில் பார்த்துவிடுங்கள். ஆயில் மேனுவல் சொல்லும் கிரேடில், ஆயிலில் நனையும் பைக் கிளட்சுக்கான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 தரமாக இருக்கட்டும். உராய்வைக் குறைக்கும் கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கி இன்னும் சுடும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் தினமும் நெரிசல்தான் என்றால், ஃபேனும், சூடு ஏறினால் அதை ஓடவிடும் தெர்மல் ஸ்விட்சும் சேர்ந்த கிட்டை மட்டும் வாங்குங்கள். அதிலும் ஃபேன் எத்தனை ஆம்பியர் என்று கேளுங்கள். 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் என்றால் 60 வாட், ஒரு ஹாலஜன் ஹெட்லைட்டின் பசி. ஐடிலில் சார்ஜிங் குறைவாக இருக்கும் நேரத்தில்தான் அது ஓடும். ரிலேயும் ஃபியூஸும் இல்லாமல் ஹெட்லைட் வயரில் ஒட்டுப்போட வேண்டாம். சின்ன பேட்டரி உள்ள பைக்கில் கூலர் ஜில்லென்று இருக்கும், செல்ஃப் எடுக்காது.