டப்ளினில் ஒரு பழைய காகிதக் கடை

லிஃபி ஆற்றங்கரைப் பக்கம் சின்னக் கடை. தேர்தல் துண்டுப்பிரசுரங்களைச் செருப்பு டப்பாக்களில் தொகுதிவாரியாக அடுக்கியிருக்கிறார்கள். எனக்கு மாட்டியது 1977 தேர்தலில் அயர்லாந்தின் ஃபியானா ஃபால் கட்சி கொடுத்த தாள்: வீட்டு வரி ரத்து, கார் வரி ரத்து! ஜாக் லிஞ்ச் தலைமையில் அந்தக் கட்சி அந்த முறை நாடாளுமன்றக் கீழவையின் 148 இடங்களில் 84 பிடித்தது. ஓரத்தில் யாரோ பென்சிலால் 1, 2, 3 என்று எழுதிப் பார்த்திருக்கிறார். அங்கே ஓட்டே வேட்பாளர்களுக்கு விருப்ப வரிசையில் எண் போடுவதுதானே. அந்தப் பென்சிலுக்காகவே 12 யூரோ கொடுத்தேன்.

தபாலில் வாங்கிய சுவரொட்டிதான் சொதப்பல். நாலாக மடித்து அனுப்பியதில் வேட்பாளரின் மூக்கு கிழிந்துவிட்டது. கேட்டதும் பாதிப் பணம் வந்தது, சரி.

கம்பங்களில் கட்டும் புது பிளாஸ்டிக் தேர்தல் அட்டைகளை இங்கே வாங்காதீர்கள். வாக்குப்பதிவு முடிந்து 7 நாளுக்குள் கம்பத்திலிருந்து கழற்றியாக வேண்டும்; அப்போது கழற்றுகிறவர்களிடம் கேட்டேன், சும்மாவே கொடுத்தார்கள்.